எங்க ஊர் கழிவுநீர் பிளான்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சின்ன நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கே வேலை என்று சொன்னதும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவர், கல்யாண வீட்டுச் சொந்தக்காரர், பிள்ளைகளைச் சுற்றிக்காட்டக் கூட்டிவரும் டீச்சர், வார்டு கவுன்சிலர் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அவரவர் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் பிளான்ட் என்றுதான் சொல்வோம், அதையே வைத்துக்கொள்கிறேன்.

சாக்கடைத் தண்ணியில ஏதோ மருந்து ஊத்தித்தானே சுத்தம் பண்றீங்க?

இல்லை. கடைசியில் கிருமியைக் கொல்லக் கொஞ்சம் குளோரின் சேர்க்கிறோம், மருந்து என்றால் அது ஒன்றுதான். சுத்தம் செய்வது பாக்டீரியா. சாக்கடையில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர், மிச்சம் இருக்கிற துளிதான் மலம், சோப்பு, கஞ்சி, எண்ணெய், மண் எல்லாம். முதலில் கம்பித் தடுப்பில் குப்பையைப் பிடித்துவிடுவோம், அடுத்த தொட்டியில் மணல் அடியில் தங்கிவிடும். அதற்கப்புறம் பெரிய தொட்டி. அங்கே புளோயர் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். காற்று கிடைத்தால் பாக்டீரியா கரைந்திருக்கிற அழுக்கைத் தின்று பெருகிப் பழுப்பாகத் திரளும். அடுத்த தொட்டியில் ஆட்டமில்லாமல் விட்டால் திரள் கீழே படியும், தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும்.

படிந்த இந்தச் சேற்றில் ஒரு பங்கை மறுபடி காற்றுத் தொட்டிக்கே அனுப்புவோம், பாலுக்கு உறைமோர் விடுகிற மாதிரி. இந்த முறையை ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சாக்கடையை வைத்துச் செய்துகாட்டினார்கள். இப்போது எஸ்.பி.ஆர்., எம்.பி.பி.ஆர். என்று பல பெயர் சொல்லுவார்கள், வேலை செய்வது அதே பாக்டீரியாதான். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு ஒரே காரணம்தான்: பாக்டீரியா தின்னக்கூடியது போகும், தின்ன முடியாதது போகாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வரும்?

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்று வைத்துத்தான் டிசைன் போடுவார்கள். 50,000 பேர் உள்ள ஊருக்கு 54 லட்சம் லிட்டர் ஆகிறது. பேப்பர் கணக்கு அது. காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று காத்திருந்து குடத்தை வரிசையில் வைக்கிற தெருக்களில் 135 லிட்டருக்கு எங்கே போவது? தண்ணீர் குறைந்தாலும் அழுக்கு குறையாது, கெட்டியாக வரும். குழாய்க்குள் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓடினால்தான் மண்ணும் மலமும் படியாமல் போகும். கோடையில் அடைப்புப் புகார் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் தலைகீழ். ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் போகிற கூட்டம் லாட்ஜையும் மண்டபத்தையும் நிறைக்கும், விடிகாலை குளியல் தண்ணீர் மொத்தமாக வந்து இறங்கும். அன்றைக்கு எங்களில் யாரும் லீவு கேட்பதில்லை.

கச்சான் காத்து அடிச்சா ஊரே நாறுது. பிளான்ட் ஓடலைன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. நன்றாக ஓடுகிற காற்றுத் தொட்டியின் பக்கத்தில் நின்றால் ஈர மண் வாசம்தான் வரும், நம்பாதவர்கள் வந்து நின்று பாருங்கள். நாறுவது பம்பிங் ஸ்டேஷன் கிணறும், பிளான்டுக்குள் சாக்கடை வந்து விழுகிற முதல் தொட்டியும். குழாயில் காற்றில்லாமல் மணிக்கணக்கில் கிடந்த தண்ணீரில் வேறொரு பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும், அழுகின முட்டை நாற்றம் அதுதான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கசிகிற கடலோரச் சாக்கடை உள்நாட்டுச் சாக்கடையை விட அதிகமாக நாறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதே வாயு குழாயின் ஈரமான மேல்பக்கத்தில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டையே அரித்துவிடும்.

ஆனால் காற்றுத் தொட்டியே நாறினால் உங்கள் சந்தேகம் சரி. காற்று போதவில்லை, தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

தொட்டி மேல நுரையா மிதக்குதே, அது என்ன?

வெள்ளை நுரை என்றால் சோப்பு, அல்லது பாக்டீரியா இன்னும் போதுமான அளவு வளரவில்லை. புதிதாக ஓட்ட ஆரம்பித்த பிளான்டில் முதல் சில வாரம் நுரை மலைபோல் நிற்கும். பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு தடியாக ஏடு கட்டினால் வேறு கதை. சேறு வயசாகிவிட்டது, வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாங்கள் நுரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தினமும் காலையில் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடி ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைப்போம். முதல் ஐந்து நிமிஷத்தில் பழுப்புத் திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமாக இறங்க ஆரம்பிக்கும், மேலே தண்ணீர் தெளியும். முப்பதாவது நிமிஷத்தில் 200, 300 மில்லியில் வந்து நின்றால் நிம்மதி. 800இலேயே பஞ்சுபோல் தொங்கிக்கொண்டிருந்தால், நூல்நூலாக வளருகிற பாக்டீரியா கூடிவிட்டது, அன்று முழுக்க மண்டைக் குடைச்சல்தான். லட்ச ரூபாய் மீட்டர் எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஜாடியைத்தான்.

கரண்ட் போச்சுன்னா பாக்டீரியா செத்துடுமா?

ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் சாகாது. புளோயர் நின்ற சில நிமிஷங்களிலேயே தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும், அதற்கப்புறம் பாக்டீரியா தின்பதை நிறுத்திக்கொண்டு சும்மா கிடக்கும். நாள் கணக்கில் நின்றால்தான் கறுத்துப்போய் நாற ஆரம்பிக்கும், அதை மறுபடி தேற்றுவதற்கு வாரக்கணக்காகும். ஜெனரேட்டர் இருக்கிறது. பிளான்டின் கரண்ட் பில்லில் பாதிக்கு மேல் காற்று ஊதுகிற செலவுதான், அதனால் பணம் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் புளோயரில்தான்.

வெளிய வர்ற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, குடிக்கலாமா?

கூடாது. தெளிவாக இருப்பது வேறு, குடிக்கத் தகுந்தது வேறு. குளோரினுக்குத் தப்பிய கிருமி இருக்கலாம், கரைந்த உப்பும், நாம் விழுங்குகிற மாத்திரைகளின் மிச்சமும் அதில் இருக்கும். முதல் பதிலில் சொன்ன அதே விஷயம், பாக்டீரியா அதையெல்லாம் தின்னாது.

குடிக்கிற அளவுக்குக் கொண்டுபோக முடியாதா என்றால் முடியும். நமீபியாவில் விண்ட்ஹோக் என்ற ஊர் 1968 முதல் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிநீரில் கலக்கிறது, மழை குறைவான ஊர் அது. சிங்கப்பூரிலும் செய்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் 4.5 கோடி லிட்டர் வீதம் ஆர்.ஓ. வரைக்கும் கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அதற்கெல்லாம் எங்கள் பிளான்டைப்போல இன்னும் இரண்டு பிளான்ட் செலவு ஆகும்.

சரி, குடிக்க வேண்டாம். தென்னைக்குப் பாய்ச்சலாம்ல?

தென்னைக்குப் பாய்ச்சலாம், அது உப்பைத் தாங்குகிற மரம். மாட்டுத் தீவனப் புல்லுக்கும் விடலாம். பச்சையாகத் தின்கிற வெங்காயம், தக்காளி, கீரைக்கு வேண்டாம். தெளிப்பான் போட்டு அடிக்காமல் வேருக்கு மட்டும் விடுவது நல்லது. யூரியா செலவு குறையும் என்பது உண்மைதான், தண்ணீரில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்.

தடுப்பது உப்பு. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது, மண்ணும் வருஷத்துக்கு வருஷம் இறுகும். எங்கள் தண்ணீர் மழைக்காலத்தில் அதற்குக் கீழே இருக்கும், சித்திரை வைகாசியில் மேலே போய்விடும். தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற மாவட்டத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற தண்ணீர் இது ஒன்றுதான், அதையும் உப்பாக்கி வைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நாங்க யாரும் கடல் தண்ணியைச் சாக்கடையில ஊத்தலையே, உப்பு எங்கேருந்து வருது?

மண்ணுக்குள்ளிருந்து. நம் பக்கம் கடற்கரை மணல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், பல இடத்தில் உவர்நீர். சாக்கடைக் குழாய் அதற்குள் மூழ்கித்தான் கிடக்கிறது. மூட்டு சரியில்லாத இடம், மேன்ஹோல் சுவரில் விரிசல், வீட்டு இணைப்பைக் குத்துமதிப்பாக உடைத்துச் சொருகிச் சிமென்ட் அப்பிய இடம், இவை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். சாக்கடை வெளியே கசிவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், இங்கே பெரிய பிரச்சினை உள்ளே வருவதுதான்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. முப்பத்தைந்து லிட்டர் சாக்கடையில் ஒரே ஒரு லிட்டர் கடல் தண்ணீர் கலந்திருந்தால்கூட உப்பு 1,000 கூடிவிடும், முன்னால் சொன்ன 2,000 வரம்பில் பாதி அதிலேயே போய்விடும். இதோடு துவைக்கவும் கழுவவும் எடுக்கிற போர்த் தண்ணீர், ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடுகிற தண்ணீர், கருவாடு போடுகிற இடத்தின் உப்புக் கழுவல் எல்லாம் சேரும். வந்த உப்பு வந்தபடியே வெளியே போகும். ஆகவே வீட்டு இணைப்புக்குக் குழி தோண்டும்போது பிளம்பர் மூட்டுக்கு ரப்பர் வளையம் போடுகிறாரா என்று நின்று பாருங்கள், அன்றைக்கு மட்டும் வேலைக்கு லீவு போட்டாலும் தப்பில்லை.

மழை பேஞ்சா மேன்ஹோல் பொங்குது. பைப்பைப் பெருசாப் போட்டிருக்க வேண்டியதுதானே?

குழாய் சாக்கடைக்குப் போட்டது, மழைக்குப் போட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்து வீட்டுச் சாக்கடை இணைப்பிலேயே இறக்கிவிடுகிறார்கள். தெருவில் தண்ணீர் நின்றால் யாராவது கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுகிறார்கள், நல்ல எண்ணத்தில்தான். அந்தத் தண்ணீர் பள்ளமான தெருவில் இன்னொருவர் வீட்டுக் கக்கூஸ் வழியாக மேலே வரும். பிளான்டுக்கு வந்தால் நாங்கள் வளர்த்துவைத்த பாக்டீரியாவை அடித்துக்கொண்டு போகும்.

மாடித் தண்ணீர் ஊருணிக்குப் போகவேண்டிய தண்ணீர். மழைநீர்த் தொட்டி கட்டுங்கள், தோட்டத்தில் இறக்குங்கள், ஒன்றும் முடியாவிட்டால் தெருவில் விடுங்கள்.

கக்கூஸ்ல, சிங்க்ல என்னதான் போடக் கூடாது?

காலையில் கம்பித் தடுப்பை வாரும்போது வருவதைச் சொல்கிறேன்: சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர், ஷாம்பு பாக்கெட், ஈரத் துடைப்புத்தாள், தலைமுடி உருண்டை, நைலான் வலைத் துண்டு, இறால் ஓடு, மீன் செதில். ஒருமுறை முழுப் பனங்கொட்டை வந்தது, எந்த வழியாக என்று இன்றுவரை தெரியவில்லை. நாப்கினும் நைலானும் பம்பு விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் எரியும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி எண்ணெய். பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை எண்ணெய் குழாயில் உறைந்து கல்லாகிவிடும். கடைக்காரர்கள் எண்ணெய் பிடிக்கிற தொட்டி வைத்து வாரம் ஒருமுறை வழித்தெடுத்தாலே பாதித் தொல்லை தீரும். மீன் கழுவின தண்ணீரை வீட்டு அளவில் விடலாம், குடலையும் செதிலையும் விடாதீர்கள். மீன் கம்பெனி தண்ணீர் என்றால் அதன் ரத்தமும் குடலும் வீட்டுச் சாக்கடையைப்போலப் பல மடங்கு கனம், அங்கேயே ஒருமுறை சுத்தம் செய்துதான் அனுப்பவேண்டும். ஆசிட், பினாயில் எப்போதாவது ஒரு மூடி ஊற்றினால் ஒன்றும் ஆகாது, கல்யாண மண்டபம் மாதிரி கேன் கணக்கில் ஊற்றினால் பாக்டீரியா சாகும்.

எங்க வீட்டு செப்டிக் டேங்க் பத்து வருஷமா நிறையவே இல்ல. நான் ஏன் இணைப்பு வாங்கணும்?

நிறையவில்லை என்றால் அது செப்டிக் டேங்க் இல்லை, அடி இல்லாத குழி. உறையை இறக்கி மேலே மூடி போட்டுவிட்டு டேங்க் என்று சொல்கிறோம். ஒழுங்காகக் கட்டிய டேங்க் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வாரவேண்டி வரும். உங்கள் குழியில் போனது மணல் வழியாக நிலத்தடி நீருக்குப் போய்விட்டது, நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று முன்னாலேயே சொன்னேன். பக்கத்து வீட்டு உறைக்கிணறு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள்.

இணைப்பு வராத தெருவில் ஒழுங்கான டேங்க்தான் வழி. வாருவதற்கு நகராட்சி உரிமம் பெற்ற லாரியைக் கூப்பிடுங்கள், 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் ஆகும். அந்த லாரி எங்களிடம் வந்து இறக்கவேண்டும். சில லாரிகள் டீசல் மிச்சம் என்று சீமைக்கருவேலங்காட்டிலோ ஓடையிலோ திறந்துவிட்டுப் போகின்றன, ஓடை கண்மாய்க்குப் போகும், கண்மாய் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடைப்பு எடுக்க ஆள் இறங்கினா பத்து நிமிஷத்துல முடியும், நகராட்சி வண்டிக்கு ஏன் காத்திருக்கணும்?

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சாகிறார்கள். நாற்றக் கேள்வியில் சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது நாறும், பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உள்ளே போனவர் வாயு இல்லை என்று நினைத்துக்கொள்வார். அதற்கு மேல் கூடினால் மயங்கி விழுவார், தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, வேப்பங்கொத்தை விட்டு ஆட்டுவது எதுவும் உதவாது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. வண்டி வரட்டும், காத்திருங்கள்.

எதுக்கு இவ்வளவு சிரமம்? குழாயைப் போட்டுக் கடல்ல விட்டுட்டா போச்சு, கடல் எவ்வளவு பெருசு!

பெரிதுதான், ஆனால் நம் பக்கம் ஆழமில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, கடல்தாழை என்கிற கடல்புல், ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற இடம். இந்த இடங்களுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும் போனால் பாசி கொழுத்துப் பவளத்தின் மேல் படரும், கடல்தாழைக்கு வெயில் போகாது.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள், அது சாக்கடையால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது பருவத்தில் வருவது, முன்பும் வந்திருக்கிறது. ஆனால் பாசிக்கு உரம் போட்டு வளர்க்கிற வேலையை நாம் செய்யவேண்டியதில்லை. இன்னொன்று, கிருமி. கரையோரம் குளிக்கிறோம், கடல்பாசி எடுக்கிற பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கிறார்கள்.

அந்தச் சேற்றை உரமா எடுத்துட்டுப் போகலாமா?

மணல் படுகையில் காயப்போட்டது என்றால் சட்டென்று பார்க்க நல்ல கறுப்பு மண் மாதிரி இருக்கும். உருண்டைப்புழு முட்டை அதில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், வெயிலில் ஒரு வாரம் காய்ந்தால் போதாது. இலைதழையோடு சேர்த்துக் குவித்து நன்றாகச் சூடேறி மக்க விட்டபிறகு மரங்களுக்குப் போடலாம். கீரைப்பாத்திக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

ரிப்போர்ட்ல பி.ஓ.டி. 8னு போட்டிருக்கு. நம்பலாமா?

பி.ஓ.டி. என்பது தண்ணீரில் மிச்சமிருக்கிற அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்ற கணக்கு. உள்ளே வரும்போது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். 2017இல் மத்திய அரசு பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு 30 வரை விட்டது, 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எல்லா ஊருக்கும் 10 என்று இறுக்கியது. இந்தச் சோதனைக்கு நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும், ஆகவே இன்று காலை எடுத்த தண்ணீருக்கு இன்று மாலையே பி.ஓ.டி. ரிப்போர்ட் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

8 என்பது நடக்கக்கூடிய எண்தான், நன்றாக ஓடுகிற பிளான்ட் கொடுக்கும். கேட்கவேண்டியது எப்போது எடுத்த தண்ணீர் என்பது. சாக்கடை குறைவாக வருகிற நேரத்தில் ஒரு பாட்டில் மொண்டால் எந்த பிளான்டும் பாஸ். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்ததா என்று கேளுங்கள். அதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு, புளோயர் ஓடின மணியையும் சேறு ஏற்றிப்போன வண்டிக் கணக்கையும் பாருங்கள். அழுக்கைத் தின்ற பாக்டீரியா பெருகத்தான் செய்யும், பெருகினதை வெளியே எடுத்தே ஆகவேண்டும். தினம் இத்தனை லட்சம் லிட்டர் என்று எழுதிவிட்டு மாதக்கணக்கில் ஒரு வண்டி சேறுகூடப் போகவில்லை என்றால் அந்தச் சேறு தண்ணீரோடு போய்விட்டது. இரண்டும் பதிவேட்டில் இருக்கும். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள், ரிப்போர்ட்டைக் கேட்காதீர்கள், வண்டிக் கணக்கைக் கேளுங்கள்.